விடுவதிலும் ஓர் அறம்

(வீட்டு மின்னணுக் கழிவுகள் பற்றிய பாடம்)



நீரை வடிகட்டிப் பருகும் வழக்கம் நம் இல்லங்களில் இன்றளவும் உண்டு. வடிகட்டுவதோடு அவ்வொழுக்கம் முடிந்துவிடுவதில்லை என்பதை முதியோர் அறிவர். துணியில் தங்கிய நுண்ணுயிர்களை, வடிகட்டிய நீரையே மெல்ல ஊற்றிக் கழுவி, எந்தக் கிணற்றில் நீர் முகந்தோமோ அந்தக் கிணற்றிலேயே சேர்ப்பித்தல் வேண்டும். துணியை வெயிலில் உதறிவிட்டால் வடிகட்டியதன் பயன் பாதியும் போய்விடும். எடுப்பதற்கு ஒரு முறை இருப்பதுபோல விடுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

துறவறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நான்காவதாகிய ஆதான நிக்ஷேபண சமிதி, ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் உயிர்களுக்கு ஊறு நேராதவாறு நோக்கிச் செய்தலாகும். ஐந்தாவதாகிய உத்சர்க்க சமிதி, கழிவை உயிர்களற்ற இடம் தேர்ந்து விடுதலாகும். மயிற்பீலி, கமண்டலம், நூல் ஆகிய மூன்றையன்றி வேறு உடைமை இல்லாத முனிவர்க்கே விடுவதற்கென ஒரு சமிதி வகுக்கப்பட்டிருக்குமாயின், அறை நிறையப் பொருள் சேர்த்து வாழும் இல்லறத்தார்க்கு அப்பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முன்னாளில் நம் வீட்டுக் கழிவு சாணமும் சாம்பலும் சருகுமாய் இருந்தது; மண்ணில் இட்டால் மண்ணாயிற்று. இன்றோ பழைய தொலைக்காட்சிப் பெட்டி, பழுதான செல்பேசி, கணினி, மிக்ஸி, சி.எப்.எல். விளக்கு, இன்வெர்ட்டர் பேட்டரி ஆகியனவும் நம் கழிவாகிவிட்டன. இவற்றை மின்னணுக் கழிவு என்பர். இவை மண்ணில் இட்டால் மண்ணாகா. இவற்றை விடும் முறை யாது என்பதை இவ்விதழ்ப் பாடமாகக் காண்போம்.

பள்ளத்தாக்கில் கண்ட காட்சி

தேனி மாவட்டத்து உத்தமபாளையத்தில் திருக்குணகிரி என வழங்கும் பாறையைத் தரிசித்தோர் நம்முள் பலர் இருப்பர். தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்ற அப்பாறையில், மதுரைப் பகுதிக் குன்றுகள் பலவற்றில் காணப்படும் அச்சணந்தி முனிவரின் பெயரும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கில் நம் அறம் தழைத்திருந்தது என்பதற்கு அது சான்று.

சில ஆண்டுகளுக்கு முன் அடியேனும் என் மைத்துனரும் அங்கு வழிபட்டுவிட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் ஓர் ஊர்ப்புறத்தே, வாய்க்கால் கரையில் கரும்புகை எழுந்தது. பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் மின்கம்பிச் சுருள்களைக் குவித்து எரித்துக்கொண்டிருந்தான். அருகே பின்புறம் திறந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் சில கிடந்தன. “தம்பி, இதை எரித்தால் என்ன கிடைக்கும்?” என்று மைத்துனர் கேட்டார். “செம்பு கிடைக்கும் ஐயா. கண்ணாடியை எவரும் வாங்குவதில்லை, அதோ பள்ளத்தில் கிடக்கிறது” என்று அவன் வாய்க்காலை ஒட்டிய பள்ளத்தைக் காட்டினான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அதற்கு இரண்டு திங்களுக்கு முன்னர்தான் என் வீட்டுப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைத் தெருவில் வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் நூற்றைம்பது ரூபாய்க்குக் கொடுத்திருந்தேன். இடம் மிச்சம், காசும் வந்தது என்று மகிழ்ந்தேனேயன்றி, அப்பெட்டி எங்குச் சென்றது என்று வினவவில்லை. அதுவும் ஏதோ ஒரு வாய்க்கால் கரையில், ஏதோ ஒரு சிறுவனின் கையில் உடைந்திருக்கும். அந்த நூற்றைம்பது ரூபாய்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நம் வீட்டுப் பரணில் இருப்பவை

தமிழகத்தில் இக்கேள்வி சிலருக்கு மட்டும் உரியதன்று. 2006ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தின்கீழ் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பதினான்கு அங்குலப் பெட்டிகள் வீடுகளுக்கு வழங்கப்பட்டன. அவை யாவும் படக்குழாய் பொருத்திய பழைய வகையைச் சேர்ந்தவை. 2011ஆம் ஆண்டு முதல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியனவும், மாணவர்களுக்கு மடிக்கணினிகளும் வழங்கப்பெற்றன. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் இன்வெர்ட்டரும் பேட்டரியும் சிற்றூர்வரை பரவின. பின்னர்த் தட்டைத் திரைத் தொலைக்காட்சி மலிந்தது. பழைய பெட்டிகள் பரணுக்குச் சென்றன. பரணிலிருந்து பழைய இரும்புக் கடைக்குச் சென்றன.

உலக அளவிலும் நிலை இதுவே. 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு தோன்றியது என்றும், அதில் 22.3 விழுக்காடு மட்டுமே முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் 2024ஆம் ஆண்டு வெளியான ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. நம் நாட்டில் 2019-20ஆம் ஆண்டில் 10 லட்சம் டன்னுக்குச் சற்று மேற்பட்ட மின்னணுக் கழிவு தோன்றியதாக மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கணக்கிட்டது. அதில் முறையான வழியில் சென்றது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே.

உள்ளே அடங்கியிருக்கும் நஞ்சு

ஒரு பொருள் முழுதாக இருக்கும்வரை அதனுள் இருக்கும் நஞ்சு பெரும்பாலும் அடங்கியே இருக்கும். உடைத்தாலும் எரித்தாலும் அது வெளிப்படும். இவ்வுண்மையை ஒவ்வொரு குடும்பத்தாரும் நன்கு உணர்தல் வேண்டும். எப்பொருளில் எது அடங்கியுள்ளது என்பதை இனிக் காண்போம்.

1. படக்குழாய்: பழைய தொலைக்காட்சியின் குழாய், உள்ளே தோன்றும் எக்ஸ் கதிர்கள் வெளிவராமல் தடுக்கும் பொருட்டு ஈயம் கலந்த கண்ணாடியால் ஆனது. பெரிய குழாய்களில் இவ்வீயம் ஒரு கிலோவுக்கு மேலும் இருக்கும். குழாயினுள் காற்று இல்லாமையால், தட்டினால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும். திரையின் உட்புறம் பூசிய ஒளிர்தூளும் மூச்சில் செல்லத் தக்கதன்று.

2. மின்சுற்றுப் பலகை: பலகையில் உறுப்புகளைப் பற்றவைக்கப் பயன்பட்ட பழைய பற்றாசில் வெள்ளீயத்தோடு ஏறத்தாழ 37 விழுக்காடு காரீயம் கலந்திருந்தது. பலகை தீப்பற்றாதிருக்கச் சேர்த்த புரோமின் சேர்மங்களும் அதில் உண்டு.

3. சி.எப்.எல். விளக்கும் குழல் விளக்கும்: ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. உடைந்தவுடன் அது ஆவியாய்க் காற்றில் கலக்கும்.

4. செல்பேசி, மடிக்கணினி ஆகியவற்றின் லித்தியம் மின்கலம்: நசுங்கினாலோ துளைபட்டாலோ தானே தீப்பற்றும், வெளிவரும் புகையும் கொடியது.

5. இன்வெர்ட்டர் பேட்டரி: உள்ளே காரீயத் தகடுகளும் கந்தக அமிலமும் உள்ளன.

6. குளிர்சாதனப் பெட்டி: பழைய பெட்டிகளில் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் குளோரோ புளோரோ கார்பன் வாயு இருந்தது. 2010ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் அது விலக்கப்பட்டது. பிற்காலப் பெட்டிகள் பலவற்றில் உள்ள வாயு எளிதில் தீப்பற்றக் கூடியது. எவ்வகையாயினும் குழாயை வெட்டி வாயுவை வெளியேற்றுதல் தகாது.

7. மின்கம்பி: பி.வி.சி. உறையை எரித்தால் அமிலப்புகையும், டயாக்சின் என்னும் கொடிய நஞ்சும் தோன்றும். உள்ளிருக்கும் செம்பே அந்நஞ்சு மிகுதியாகத் தோன்றத் துணை செய்கிறது.

உடைப்பதும் எரிப்பதும்

பழைய தொலைக்காட்சியில் வியாபாரிக்கு வேண்டுவன குழாயின் கழுத்தில் சுற்றிய செம்புச் சுருள், பலகை, கம்பி, இரும்பு ஆகியனவே. படக்குழாய் செய்யும் தொழிலே மறைந்துவிட்டமையால் ஈயக் கண்ணாடியை வாங்குவார் இல்லை. ஆகவே கழுத்தை உடைத்துச் சுருளை எடுத்தபின் கண்ணாடி பள்ளத்திற்குச் செல்கிறது. பலகைகள் பெருநகர்களுக்குச் செல்கின்றன. அங்கே சில இடங்களில் அவற்றைத் திறந்த வெளியில் எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் செம்பும் பொன்னும் பிரிக்கின்றனர். எஞ்சிய அமிலம் சாக்கடையில் சேர்கிறது.

உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத் பித்தளைப் பாத்திரங்களுக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கே பலகைகளை எரித்துக் கிடைத்த கருஞ்சாம்பலை ராம்கங்கை ஆற்றில் அலசி உலோகம் பிரித்தனர். 2015ஆம் ஆண்டு டெல்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ஆய்ந்தபோது ஆற்றங்கரை மண்ணில் கன உலோகங்கள் மிகுந்திருந்தமை தெரியவந்தது. 2017ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், அவ்வாற்றங்கரையில் இக்கழிவைக் கொட்டுவோர்க்கு ஒரு லட்ச ரூபாய் செலுத்துமாறு விதித்தது.

சீனத்தின் குவியு என்னும் ஊரும் இத்தொழிலால் அறியப்பட்டது. அங்கு ஆறு வயதுக்குட்பட்ட 165 குழந்தைகளின் இரத்தத்தை ஆய்ந்து 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 135 குழந்தைகளுக்கு ஈயம் அக்காலத்து எச்சரிக்கை அளவைக் கடந்திருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தாக்கி அறிவு வளர்ச்சியைக் குன்றச் செய்யும். இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் தீங்கில்லை என்று கூறத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உலகக் குழந்தைகளுள் மூவரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகள், கவலைக்குரிய அளவு ஈயத்தை உடலில் சுமக்கின்றனர் என 2020ஆம் ஆண்டு யுனிசெப் அறிக்கை தெரிவித்தது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி இதற்கு ஒரு முதன்மைக் காரணமாக அதில் சுட்டப்பட்டது.

வாய்க்கால் கரையில் நின்ற அச்சிறுவனை இப்போது மீண்டும் நினைத்துப் பாருங்கள்.

நீர் செல்லும் வழி

கம்பம் பள்ளத்தாக்கு இப்பாடத்திற்கு இயற்கையே வரைந்து தந்த படம் போன்றது. மூன்று புறமும் மலை. நடுவே ஒரே ஆறு. 1895ஆம் ஆண்டு முதல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்க வழியே கிழக்கே வந்து, லோயர் கேம்ப் கடந்து, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பகுதிகளை வளப்படுத்துகிறது. அந்நீரால் 14,000 ஏக்கருக்கும் மேற்பட்ட வயல்களில் இருபோக நெல் விளைகிறது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையும் இப்பள்ளத்தாக்கின் விளைவே. வீரபாண்டி வழியே சென்று தேனியை அடுத்து வைகையோடு கலக்கும் முல்லையாறு, ஆண்டிபட்டி அருகே 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வைகை அணையை அடைகிறது. அங்கிருந்து மதுரை நகருக்குக் குடிநீர் செல்கிறது.

இதன் பொருளை உணர்தல் வேண்டும். கூடலூரில் ஓடைக்கரையில் உடைந்த படக்குழாய் கூடலூரோடு நின்றுவிடும் என்று கருத இயலாது. மழை பெய்யும்தோறும் சாம்பலும் ஈயத்தூளும் வாய்க்காலுக்கு இறங்கும். வாய்க்கால் வயலுக்கும் ஆற்றுக்கும் செல்லும். ஈயம் மக்கிப் போவதில்லை. இடம் மாறுமேயன்றி அழியாது. நம் முனிவர் பெருமக்கள் தவம் இயற்றிய உத்தமபாளையத்துப் பாறையின் பக்கம் பாயும் நீரே, மதுரையைச் சூழ்ந்த நம் குன்றங்களின் அடிவாரத்து ஊர்களுக்கும் வைகையாய் வருகிறது. நாம் வந்தவாசியில் இருப்பினும் ஆரணியில் இருப்பினும் நம் ஊருக்கும் ஓர் ஏரியும் ஒரு வாய்க்காலும் உண்டு. அங்கும் இதுவே நிகழும்.

நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றை உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களும், தாவரமும், இயங்கும் உயிர்களுமாகிய அறுவகை உயிர்களையும் காக்க வேண்டும் என்று பயில்கிறோம். கம்பிச் சுருள் ஒன்றை எரிக்கும் ஒரு செயலில் இவ்வாறுக்கும் ஊறு நேர்கிறது.

வினை யாரைச் சாரும்?

“நான் எரிக்கவில்லையே, விற்றேன், அவ்வளவுதான்” என்று ஒருவர் கூறலாம். அடியேனும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சாரும் என்பது நம் அறநூல்கள் ஒருமுகமாய்க் கூறுவது.

சிராவகர்க்குரிய குணவிரதங்களுள் அநர்த்த தண்ட விரதம் ஒன்று. பயனின்றித் தீங்கு விளைக்கும் செயல்களிலிருந்து விலகுவதே அது. அருங்கலச்செப்பு முதலிய சிராவக ஒழுக்க நூல்களில் இதனைப் பயின்றிருக்கிறோம். அதன் வகைகளுள் இரண்டு இங்குப் பொருந்துவன. ஒன்று, கருதாமையால் நிலத்தையும் நீரையும் தீயையும் காற்றையும் கெடுக்கும் பிரமாத சரியை. மற்றொன்று, கொலைக்குரிய கருவியையும் நஞ்சையும் பிறர் கையில் கொடுக்கும் ஹிம்சாதானம். உடைப்பவனுக்குக் கையுறையோ முகக்காப்போ இல்லை என்று அறிந்த பின்னும் ஈயம் நிறைந்த பெட்டியை அவன் கையில் கொடுத்து விலையையும் பெற்றுக்கொள்வோமாயின், அதனை எவ்வகையில் சேர்ப்பது? அன்பர்கள் தாமே சிந்திக்க வேண்டுகிறேன்.

இதனால் பழைய இரும்பு வியாபாரியை இகழ்தல் தகாது. காகிதம், இரும்பு, பாட்டில் ஆகியவற்றை வீடு வீடாகச் சென்று சேகரித்து அவர் ஆற்றும் தொண்டு பெரிது. அவர் இன்றேல் நம் தெருக்கள் குப்பை மேடாகும். அவரிடம் கொடுக்கத் தக்கவற்றைத் தொடர்ந்து கொடுத்து வருவோம். கொடுக்கத் தகாதவற்றை ஏன் கொடுப்பதில்லை என்பதை அவருக்கும் அன்போடு எடுத்துரைப்போம். பதிவு பெற்ற நிறுவனங்களுக்குப் பொருளை உடைக்காமல் சேகரித்து அனுப்பும் பணியில் அவரே ஈடுபடுவாராயின், அவர் பிழைப்பும் கெடாது. அச்சிறுவன் போன்றோர் நலமும் காக்கப்படும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் மின்னணுக் கழிவுக்கெனத் தனி விதிகள் 2011ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2012 மே மாதம் நடைமுறைக்கு வந்தன. 2016ஆம் ஆண்டு அவை திருத்தி அமைக்கப்பட்டன. 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட புதிய விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. இவை நூற்றுக்கும் மேற்பட்ட பொருள் வகைகளைத் தழுவியவை. பேட்டரிகளுக்கு 2022ஆம் ஆண்டிலேயே தனி விதிகள் வந்தன.

இவ்விதிகளின் அடிப்படை, உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்னும் கொள்கை. பொருளைச் செய்து விற்றவரே, அது பழுதான பின் முறையாக மறுசுழற்சி செய்யப்படுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு என்றும், அடுத்த ஈராண்டுகளுக்கு 70 என்றும், 2027-28 முதல் 80 என்றும் இலக்கு விதிக்கப்பட்டுள்ளது. எந்தக் கிணற்றில் முகந்தோமோ அக்கிணற்றிலேயே சேர்ப்பிக்கும் நம் முன்னோர் முறைக்கும் இக்கொள்கைக்கும் உள்ள ஒற்றுமை எண்ணி மகிழத் தக்கது.

முறையான ஆலையில் என்ன நிகழ்கிறது? புகையையும் தூளையும் உறிஞ்சும் மேசைகளில் பொருளைப் பிரிக்கின்றனர். படக்குழாயை அறுத்து ஈயக் கண்ணாடியை வேறாக்குகின்றனர். குளிர்சாதனப் பெட்டியின் வாயுவை உறிஞ்சிக் கலத்தில் அடைக்கின்றனர். பலகைகளைத் துகளாக்கி, காந்தத்தாலும் பிற முறைகளாலும் உலோகங்களைப் பிரிக்கின்றனர். எதற்கும் பயன்படாத நச்சு எச்சம், கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற காப்பு நிலத்திற்கு அனுப்பப்படுகிறது.

இல்லறத்தார் செய்ய வேண்டுவன

முதலாவது, வாங்குமுன் வினவுதல். இது வேண்டுமா, இருப்பது பழுதானதா, பழுது நீக்க இயலுமா என்று குடும்பத்தோடு எண்ணுக. வராத கழிவே சிறந்த கழிவு. பரிக்ரஹ பரிமாணம் என்னும் அணுவிரதத்தை இன்று பயில இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, பழுது நீக்கல். தேனியிலும் கம்பத்திலும் நம் ஊர்களிலும் திறமை மிக்க பழுதுநீக்குவோர் உள்ளனர். மிக்ஸியும் மின்விசிறியும் சிறு செலவில் மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். நன்னிலையில் உள்ள பொருளைத் தேவைப்படும் மாணவர்க்கு அளிப்பதும் தானமே.

மூன்றாவது, தனியே வைத்தல். மூடியுள்ள பெட்டி ஒன்றில் மின்னணுப் பொருள்களை மட்டும் ஈரமின்றி வைக்க. லித்தியம் மின்கலத்தின் முனைகளில் ஒட்டுநாடா ஒட்டுக. வீங்கிய மின்கலத்தை மின்னேற்றம் செய்யாமல், உலர்ந்த மணல் நிரம்பிய வாளியில் இட்டு வெயில் படாத இடத்தில் வைக்க. விளக்குகளை அவற்றின் அட்டைப் பெட்டியிலேயே இடுக. குழந்தைகள் கைக்கு எட்டலாகாது.

நான்காவது, உடைக்காமை. செம்பு எடுப்பதற்காகத் திருப்புளி கொண்டு பிரித்தலும், சுத்தியால் தட்டுதலும், போகி நாளில் கம்பிகளையும் ஞெகிழிப் பெட்டிகளையும் தீயிலிடுதலும் அறவே கூடா. சி.எப்.எல். விளக்கு தவறி உடைந்தால், அனைவரும் வெளியேறிச் சன்னல்களைத் திறந்து பத்து நிமிடமேனும் காத்திருந்து, துடைப்பத்தால் பெருக்காமல் தடித்த அட்டையால் வாரி, ஒட்டுநாடாவால் தூளை ஒற்றியெடுத்து, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் இடுக.

ஐந்தாவது, ஒப்படைத்தல். பொருளோடு வந்த கையேட்டில் திரும்பப் பெறும் முறையும் தொலைபேசி எண்ணும் உள்ளனவா என்று பார்க்க. புதியது வாங்கும் கடையில் பழையதை ஏற்பார்களாயின் அது எங்குச் செல்கிறது என்று கேட்க. பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடம் பெறலாம். இன்வெர்ட்டர் பேட்டரியை அமிலத்தைக் கொட்டாமல், நிமிர்ந்த நிலையில், புதியது விற்கும் கடையிலேயே திரும்பக் கொடுக்க. செல்பேசியையும் கணினியையும் கொடுக்குமுன் அவற்றிலுள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் அழித்துவிடுக. கொடுத்தமைக்கு ரசீது பெறுக.

சங்கமாகச் செய்தல்

இதில் ஓர் இடர் உண்டு. தமிழகத்தின் மறுசுழற்சி ஆலைகளில் பெரும்பாலானவை சென்னையைச் சூழ்ந்த தொழிற்பேட்டைகளில் உள்ளன. தேனியிலிருந்து சென்னை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். ஒரு செல்பேசிக்காக எவர் வண்டி அனுப்புவர்? வியாபாரியோ வீட்டு வாசலுக்கே வந்து காசும் தருகிறார். நல்லெண்ணம் இருந்தும் பலர் தவறுவது இதனாலேயே.

ஒருவருக்கு அரியது ஊருக்கு எளிது. ஜப்பானில் 2017 ஏப்ரல் முதல் 2019 மார்ச் வரை மக்களிடமிருந்து ஏறத்தாழ 79,000 டன் சிறு மின்னணுப் பொருள்களும், 62 லட்சம் செல்பேசிகளும் சேகரிக்கப்பட்டன. அவற்றிலிருந்து பெற்ற 32 கிலோ பொன், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலத்தைக் கொண்டு டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளின் பதக்கங்கள் ஏறத்தாழ 5,000 செய்யப்பட்டன. ஒவ்வொருவரும் கொடுத்தது ஒரு கைப்பேசி. சேர்ந்தபோது அது பொன்னாயிற்று.

நம் ஊர்களில் தீபாவளிக்கு முன் வீடு தூய்மை செய்கிறோம். பகவான் மகாவீரர் நிர்வாணம் எய்திய அந்நன்னாளுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒன்றைச் சேகரிப்பு நாளாகக் கொள்ளலாம். ஆலயத்தை அடுத்த கூடத்தில் கூரையும் பூட்டும் உள்ள ஓர் அறை போதும். இளைஞர் இருவர் கையுறை அணிந்து பொருள்களைப் பெற்று, பெயரும் எடையும் குறிப்பேட்டில் எழுதுக. மின்கலங்களையும் விளக்குகளையும் தனித்தனியே வைக்க. அண்டை வீட்டார் எச்சமயத்தவராயினும் அவர்களையும் அழைக்க. பல ஊர்கள் சேர்ந்து போதிய எடை திரண்டபின் பதிவு பெற்ற நிறுவனத்தை அழைத்தால் வண்டி வருவதற்கு வழி பிறக்கும். அவர்கள் தரும் சான்றை ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுக. தொகை ஏதேனும் கிடைப்பின் அதனை ஏழை மாணவர் கல்விக்கு ஆக்குக, கிடைக்காவிடினும் குறையில்லை.

அன்பர்களே! பழைய பெட்டிக்கு நூற்றைம்பது ரூபாய் கிடைக்காமற் போகலாம். அது நட்டமன்று, நம் பொருட்டு ஒரு சிறுவன் நஞ்சை நுகராதிருக்க நாம் கொடுத்த விலை. கமண்டலத்தைக் கீழே வைக்குமுன் மயிற்பீலியால் நிலத்தை மெல்ல வருடும் முனிவரை நினைவிற் கொள்வோம். வைக்கும் இடத்தை நோக்கிப் பொருளை வைப்போம்; விடும் இடத்தை அறிந்து பொருளை விடுவோம்.

அறம் வளர்க!

பயிற்சி வினாக்கள்

(குடும்பத்தோடு அமர்ந்து விடை காண்க.)

1. உத்சர்க்க சமிதியாவது யாது? இல்லறத்தார் அதனை எவ்வாறு பின்பற்றலாம்?
2. படக்குழாயில் ஈயம் சேர்க்கப்பட்டது எதன் பொருட்டு? அது தீங்காவது எப்போது?
3. கம்பத்தில் எரித்த கம்பியின் சாம்பல் மதுரையை அடையும் வழியை வரைந்து காட்டுக.
4. உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு என்பதனை நீர் வடிகட்டும் வழக்கத்தோடு ஒப்பிட்டு விளக்குக.
5. நும் வீட்டுப் பரணில் உள்ள மின்னணுப் பொருள்களைப் பட்டியலிட்டு, பழுது நீக்கத் தக்கவை, பிறர்க்கு அளிக்கத் தக்கவை, ஒப்படைக்க வேண்டியவை என மூன்றாகப் பிரிக்க.